பீடியை விடச் சொல்லும் டாக்டருக்கு எவ்வளவு தெரியும்?

மதுரையில் எந்த டாக்டரைக் கேட்டாலும் பீடி, சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்றுதான் சொல்வார். அது நோயாளிக்கும் தெரியும். அந்தப் பீடியை விற்ற பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். 2016-17இல் இந்தியா முழுக்க நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பதால் கடுமையான நோய் வரும் என்று நூற்றுக்கு 92 பேர் ஒப்புக்கொண்டார்கள். புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட்டுவிடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது: கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பழக்கத்தை விடும்படி யாராவது உங்களிடம் சொன்னார்களா? அப்படிப் போய்வந்த புகைப்பவர்களில் ‘ஆமாம்’ என்றவர்கள் 48.8 சதவீதம். 2009-10 கணக்கெடுப்பில் இது 46.3 ஆக இருந்தது. ஏழு வருடத்தில் ஏறியது இரண்டரைப் புள்ளி. மெல்லும் புகையிலைக்காரர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம், 31.7 தான்.

அதாவது விட நினைக்கிறவர் பாதிக்கு மேல். விடச் சொல்ல வேண்டியவர் வாய் திறப்பதோ பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் இருமலுக்கு ஒரு டானிக், நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

இதை டாக்டர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. புகையிலை உடம்பை என்ன செய்யும் என்பது மருத்துவப் படிப்பில் வருஷா வருஷம் வருகிறது: நோயியலில், நெஞ்சக மருத்துவத்தில், இதயத்தில், புற்றுநோயில். ஆனால் அதை விடுகிற மனிதனுக்கு முதல் நாள் என்ன ஆகும், மூன்றாம் நாள் என்ன ஆகும், அவனுக்கு எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பது பெரும்பாலானோருக்குப் பாடமாக வந்ததே இல்லை. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், இந்தியா உட்பட, திரும்பத் திரும்ப வந்த பதில் இதுதான்: முறையான பயிற்சி கிடைத்தவர்கள் சிலர், பயிற்சி வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய எல்லாரும்.

நோயைப் பற்றிய அறிவு இருக்கிறது, பழக்கத்தை விடுவதைப் பற்றிய அறிவு இல்லை. ‘சொன்னா எவன் கேக்குறான்’ என்று டாக்டர்களிடம் அடிக்கடி கேட்கிற அலுப்பு இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

காலையில் முதல் பீடி

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் அறுபது வயதுக்காரரிடம் ‘எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொதப் பீடி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எந்திரிச்சதும்தான் சார். அது இல்லாட்டி வெளிக்கிப் போகாது’ என்பார். டாக்டர்கள் பலர் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். சிரிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பதிலில் இரண்டு முக்கியமான தகவல்கள் இருக்கின்றன.

முதலாவது, அடிமைத்தனத்தின் ஆழம். நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுக்கத் தூங்கி எழும்போது உடம்பில் அது கிட்டத்தட்டக் காலி. எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு மூளை அதைக் கேட்டுக் கத்துகிறது என்று பொருள். அடிமைத்தனத்தை அளக்க உலகம் முழுதும் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாளில் ஆறு கேள்விகள் உண்டு. அதில் எடை அதிகம் உள்ள கேள்விகளில் ஒன்று இந்த முதல் பீடிக் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வதைவிட இது பல சமயம் நன்றாகவே பேசும்.

இரண்டாவது, வயிறு. நிகோடின் குடலை இளக்குகிறது. பழக்கத்தை விட்டால் முதல் சில வாரம் மலச்சிக்கல் வருவது தெரிந்த விஷயம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் நாள் காலையில், ‘டாக்டர் பேச்சைக் கேட்டு உடம்பு கெட்டுப்போச்சு’ என்று பீடிக் கட்டை எடுத்துவிடுவார். தண்ணீர் நிறையக் குடிங்க, கீரையும் கொய்யாவும் சேர்த்துக்குங்க, இரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும், அப்புறம் சரியாகிடும் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது.

எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது, பசி கூடுவது, முன்பைவிட அதிகமாக இருமல் வருவது, எல்லாம் இதே கணக்குத்தான். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டவர்களில் அதிகம் பேர் திரும்ப விழுவது முதல் வாரத்தில். மதுரையில் ஒரு டாக்டர் வழக்கமாகச் சொல்வது என்ன? ‘விட்டுருங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து பாருங்க.’ நோயாளி வந்து பார்க்கும்போது விட்டதும் நடந்திருக்கும், திரும்பத் தொட்டதும் நடந்து பழசாகியிருக்கும்.

‘கொறச்சுக்கங்க’

விடு என்று சொல்லத் தயங்கும் டாக்டர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு இது. நாளைக்கு இருபதா, அஞ்சாக்குங்க. நோயாளிக்கும் நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி. இதில் உள்ள தவறு கொஞ்சம் பெரியது. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று காட்டியது. இருபதை ஒன்றாக்கினால் ஆபத்தும் இருபதில் ஒன்றாகும் என்று மனம் போடும் கணக்கு ரத்தக்குழாயிடம் செல்லாது. போதாததற்கு, எண்ணிக்கையைக் குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழமாக, அடிவரை இழுப்பார். உடம்பு கேட்கும் நிகோடினை எப்படியாவது வாங்கிக்கொள்ளும்.

பீடி விஷயத்தில் இன்னொரு தப்பெண்ணம் உண்டு. சின்னது, இலையில் சுற்றியது, தூள் கொஞ்சம், ஆகவே சிகரெட்டைவிடப் பரவாயில்லை என்று படித்தவர்களே பேசுகிறார்கள். தூள் குறைவு என்பது உண்மை. சிகரெட்டில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஆனால் பீடி இலையில் காற்றுப் புகாது. விட்டுவிட்டு இழுத்தால் அணைந்துவிடும். அதனால் பீடிக்காரர் அடிக்கடி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ நுரையீரலுக்குள் போய்ச் சேருகின்றன.

கேள்வியைக் கேட்கும் விதத்திலும் ஓட்டை இருக்கிறது. மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குபவரிடம் ‘சிகரெட் பழக்கம் உண்டா’ என்றால் ‘இல்ல’ என்பார், பையில் பீடிக் கட்டோடு. மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘இல்ல’ தான். மேலூர்ப் பக்கம் வயல்வேலைக்குப் போகும் பெண்களிடம் இந்தக் கேள்வியே எழுவதில்லை. கன்னத்தில் போயிலை அடக்கியபடியே உட்கார்ந்திருப்பவரிடம் சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள்.

டெரிபிலின் சாப்பிடுகிறவர் பீடியை விட்டால்

இது டாக்டர்களுக்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். நம் ஊரில் வீசிங் என்று வருகிற பீடிக்காரருக்கு டெரிபிலின் எழுதித் தருவது இன்றும் சர்வசாதாரணம். அதில் இருக்கும் தியோபிலின் கல்லீரலில் உடைந்து வெளியேற வேண்டிய மருந்து. புகையில் உள்ள சில ரசாயனங்கள் அந்தக் கல்லீரல் நொதியை முடுக்கிவிடும். ஆகவே புகைப்பவர் உடம்பில் மருந்து சீக்கிரம் கரைந்துபோகும், அளவும் கூட வேண்டியிருக்கும். சரி, அவர் ஒருநாள் டாக்டர் சொல் கேட்டு பீடியை விட்டுவிடுகிறார். சில நாளில் நொதி வேகம் குறைகிறது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறுகிறது. படபடப்பு, குமட்டல், தூக்கமில்லை, கை நடுக்கம். மிகவும் ஏறினால் வலிப்பு வரை போகலாம்.

நோயாளி என்ன நினைப்பார்? பீடியை விட்டதால் வந்தது என்றுதான். டாக்டருக்கும் காரணம் தெரியாவிட்டால் அவரும் அப்படியே நினைப்பார். மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஒலன்சபின் மாத்திரைகளுக்கும் இதே கதை உண்டு. இத்தனைக்கும் இது மருந்தியல் புத்தகத்தில் உள்ள செய்திதான். பழக்கத்தை விடுவது ஒரு மருத்துவ நிகழ்வு, அதையொட்டி மற்ற மருந்துகளைத் திருத்தி எழுத வேண்டும் என்ற பார்வை இருந்தால்தான் அந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வரும்.

விடுவதற்கென்றே உள்ள மருந்துகளைப் பற்றிய பயமும் இதே வகை. நிகோடின் சூயிங்கம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு பழக்கத்தை விட இன்னொரு நிகோடினா, அதுவும் கேன்சர்தானே’ என்பது பரவலான கேள்வி. அமெரிக்காவில் 2018-19இல் ஆயிரத்துச் சொச்சம் டாக்டர்களிடம் கேட்டபோது, ஐந்தில் நான்கு பேர் நிகோடின்தான் நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நம்பினார்கள். நிகோடின் அடிமையாக்கும், அது உண்மை. புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் எரியும் புகையிலையிலிருந்து வரும் மற்ற ரசாயனங்கள்தான்.

வரெனிக்லின் மாத்திரைக்கு 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை கொடுத்தது: மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்று. பிறகு 8,144 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2016இல் முடிவு வந்தது. மனநலப் பக்கவிளைவுகள் குறிப்பிடும்படி கூடவில்லை என்று தெரிந்து, அதே ஆண்டு டிசம்பரில் அந்த எச்சரிக்கை எடுக்கப்பட்டது. எச்சரிக்கை வந்தது ஞாபகம் இருக்கும் அளவுக்கு, எடுக்கப்பட்டது யாருக்கும் ஞாபகம் இல்லை. விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானுக்கு மட்டும் ஒரு நிபந்தனை கறாரானது. வலிப்பு நோய் உள்ளவருக்கு அதைத் தரக்கூடாது.

சூயிங்கம் எழுதித் தரும் டாக்டர்களிலும் மெல்லும் முறையைச் சொல்பவர் குறைவு. சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் வரும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் திரும்ப மெல்ல வேண்டும். போயிலை அடக்கிப் பழகிய ஊருக்கு இதை விளக்குவது கஷ்டமே இல்லை. காபி, டீ, கூல்டிரிங்ஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாய்வழியே நிகோடின் சரியாக ஏறாது. கையில் டீ டம்ளரோடுதான் பீடி நினைப்பு வரும் என்ற ஊரில் இந்தக் கால் மணி நேரத்தை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. இதில் 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

நூற்றுக்கு ஐந்து

இப்போது ‘சொன்னா எவன் கேக்குறான்’ என்ற அந்த அலுப்புக்கு வருவோம். லண்டனில் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் செய்த ஒரு ஆய்வு 1979இல் வெளிவந்தது. 28 குடும்ப டாக்டர்கள், அவர்களிடம் வந்த 2,138 புகைப்பவர்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சிலருக்குக் கேள்வித்தாள் மட்டும். சிலரிடம் டாக்டர் ஓரிரு நிமிடம் பேசி ‘விட்டுவிடுங்கள்’ என்றார். கடைசிக் கூட்டத்துக்கு அதோடு ஒரு துண்டுப் பிரசுரமும், ‘திரும்ப உங்களைத் தொடர்புகொள்வோம்’ என்ற தகவலும். முதல் மாதத்தில் விட்டு, ஒரு வருடம் கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் வரிசையாக 0.3, 1.6, 3.3, 5.1 சதவீதம்.

ஐந்து சதவீதமா என்று உதட்டைப் பிதுக்கலாம். மருந்தும் சேர்ந்தால் இது கூடும் என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் உறுதியானது. நிகோடின் மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும், வரெனிக்லின் இரண்டு மடங்குக்கு மேல். இருந்தும் பெரும்பான்மையோர் முதல் முயற்சியில் தோற்கத்தான் செய்வார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கே.கே. நகரிலோ செல்லூரிலோ சாயங்காலம் கிளினிக் நடத்தும் ஒரு டாக்டர், ஒரு வருடத்தில் புகைக்கிற ஆயிரம் பேரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் பேசி, கூடுதலாக 2 சதவீதம் பேர் விட்டாலே 20 பேர். பிரிட்டனில் 1951இல் 34,439 ஆண் டாக்டர்களை வைத்தே தொடங்கி ஐம்பது வருடம் நடந்த ரிச்சர்ட் டால் ஆய்வின்படி, நாற்பது வயதில் விடுபவருக்குச் சுமார் 9 வருட ஆயுளும், ஐம்பதில் விடுபவருக்கு 6 வருடமும், அறுபதில் விட்டாலும் 3 வருடமும் மிஞ்சுகிறது. இருபது பேருக்கு அத்தனை வருடம் என்றால், வருடம் முழுக்க அவர் எழுதும் எந்த ஆன்டிபயாட்டிக்கும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வராது.

ஆனால் அந்த இருபது பேர் அவர் கண்ணில் படமாட்டார்கள். விட்டவர் ‘டாக்டர், விட்டுட்டேன்’ என்று சொல்ல டோக்கன் போட்டு வந்து உட்காரப்போவதில்லை. திரும்பத் திரும்ப வருவது விடாதவர்தான், அதே இருமலோடு. தோல்வி மட்டும் தெரியும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

நேரமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2017இல் 67 நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சுமார் 2 நிமிடம் என்று தெரிந்தது. அரசு ராஜாஜி மருத்துவமனையின் காலை ஓபி வரிசையைப் பார்த்தவர்களுக்கு அதுவே தாராளம் என்று தோன்றும். அங்கே உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயது ஹவுஸ் சர்ஜனுக்கு, தன் தாத்தா வயசுக்காரரிடம் ‘பீடியை விடுங்க ஐயா’ என்று சொல்லக் கூச்சம் வேறு. அவரே மதியம் வெளியே டீக்கடையில் தம் போடுபவராக இருந்தால் வாய் இன்னும் அடைத்துவிடும். புகைக்கும் டாக்டர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அறிவுரை சொல்கிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டது.

பணமும் இருக்கிறது. ரத்தக்குழாய் அடைத்து ஸ்டென்ட் வைக்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவும். அடைப்பு வராமல் இருக்கச் சொல்லித்தரும் பத்து நிமிடத்துக்குத் தனியாக யாரும் பணம் தருவதில்லை. நிகோடின் மருந்துகள் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009இலேயே சேர்ந்தன. நம் தேசியப் பட்டியலில் 2022இல்தான் இடம் கிடைத்தது. ஒரு சூயிங்கம் வாங்கும் காசுக்கு எத்தனையோ பீடி கிடைக்கும் என்பதையும் நோயாளி மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்.

மாலை போட்டவர்

‘எல்லாம் மன உறுதி சார். விடணும்னு நினைச்சா விட்டுருவான்’ என்பது டாக்டர்களிடம் கேட்கும் அடுத்த வாசகம். சுகர் மாத்திரை கொடுத்தும் அளவு இறங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றுகிறோம், அளவைக் கூட்டுகிறோம். பீடி விஷயத்தில் மட்டும் முதல் முயற்சி தோற்றால் ஆளைத் திட்டுகிறோம்.

மன உறுதி நம்மூர்க்காரருக்குக் குறைவில்லை என்பதற்குக் கார்த்திகை மாதம் சாட்சி. நாளைக்கு இரண்டு கட்டுப் பீடி வலித்தவர் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டார். (எல்லாரும் அப்படி இல்லை, மறைவில் இழுக்கும் சாமிகளும் உண்டு.) தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களும் அப்படியே. மருத்துவக் கணக்கில் இது அசாத்தியமான விஷயம். ஒரு மண்டலம் என்றால் நிகோடின் இல்லாமல் உடம்பு படும் பாடு முழுதும் கடந்து முடிந்திருக்கும். மாத்திரை இல்லை, சூயிங்கம் இல்லை. வீட்டில் தனிச் சமையல், டீக்கடையில் ‘சாமி’ என்ற மரியாதை, பழைய கூட்டாளிகள் நீட்டாமல் தள்ளி நிற்பது, இதெல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடித்திருக்கிறது. மாலையைக் கழற்றிய அன்றே அத்தனையும் விலகிவிடுகிறது. திரும்பப் பற்றவைப்பது டீயும் கூட்டாளியும் இழுக்கும் இழுப்பில்தான்.

விடும் நாளை முன்கூட்டிக் குறிக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. ‘இந்த வருஷம் மாலை போடுறீங்களா அண்ணே?’ என்று ஒரு டாக்டர் கேட்டால் நாள் குறித்தாகிவிட்டது. மாலை கழற்றும் தேதிக்கு மறுநாள் வரச்சொல்லிச் சீட்டில் எழுதினால் அடுத்த பாதியும் முடிந்தது. ரமலான் நோன்பு இருப்பவரிடமும் இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது. மாலை போடும் கணக்கு வெளிநாட்டு நெறிமுறைகளில் இருக்காது. நம்மூர் டாக்டருக்குத்தான் தெரியும்.

தோப்பூரும் ஆறு மாதமும்

காசநோயில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை வைத்து நடந்த ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைப் போல நான்கு மடங்கு அளவுக்கு இருந்தது. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகை காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2017இல் காசநோய்த் திட்டத்தையும் புகையிலைத் திட்டத்தையும் சேர்த்து மத்திய அரசு ஒரு நெறிமுறை வெளியிட்டது. காசநோயாளி ஒவ்வொருவரிடமும் பழக்கத்தைக் கேட்டுப் பதிய வேண்டும், விட உதவ வேண்டும் என்பது அதன் சாரம்.

தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனைக்கு வரும் ஒருவர் பெரும்பாலும் தானாகவே பீடியைக் கீழே போட்டிருப்பார். சளியில் ரத்தம் பார்த்தவருக்கு அறிவுரை தேவைப்படாது. சிக்கல் பின்னால் இருக்கிறது. ‘மருந்து சாப்பிடுற வரைக்கும் பீடி தொடக்கூடாது’ என்று சொல்வது வழக்கம். கேட்பவர் அதை ஆறு மாதத் தடை என்று எடுத்துக்கொள்கிறார். கோர்ஸ் முடிந்தால் தடையும் முடிந்தது. பக்கத்துக் கேரளத்தில் காசநோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளிலும் இதையே பார்த்தார்கள்: சிகிச்சை தொடங்கும்போது பெரும்பாலோர் விடுகிறார்கள், சில மாதத்தில் கணிசமானவர்கள் திரும்பிவிடுகிறார்கள். சளிப் பரிசோதனைக்குக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க ஏற்பாடு இருந்தால் செலவு ஒன்றும் கூடிவிடாது.

பயமுறுத்தினால் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வார்டில் பர்ஜர் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வயது ஆண்கள், பெரும்பாலும் பீடிக்காரர்கள். கால்விரல் ரத்தக்குழாய் அடைத்து, கறுத்து, வலி தாங்காமல் ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். புகையிலையை முழுசாக விடுவதைத் தவிர இந்த நோயை நிறுத்த வழியில்லை. ஒரு நாளைக்கு ஒன்று இரண்டுகூட நோயை உயிரோடு வைத்திருக்கும். நிகோடின் சூயிங்கம்கூட இவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும். விரல் போன பிறகும், பாதம் போன பிறகும் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பயத்தை எந்த டாக்டராலும் காட்ட முடியாது. அப்படியானால் குறைவது பயம் அல்ல.

2019இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில், பழக்கத்தை விடும்போது நோயாளி படும் சிரமங்களைப் புரிந்துகொள்வதும் மாணவருக்கு வேண்டிய திறன்களில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியில் இன்று படிப்பவர்களுக்கு அது தாளில் இருக்கிறது. ஏற்கெனவே ஊரெங்கும் போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் சொல்லித்தருவது? மருந்துக் கம்பெனி ரெப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து விளக்கும் விஷயமாக இது இல்லை. இந்திய மருத்துவச் சங்கக் கிளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனையும் சொல்லி முடித்துவிடலாம்.

எல்லாவற்றையும் டாக்டரே செய்ய வேண்டும் என்றும் இல்லை. கேட்பது, விடச் சொல்வது, ஆள் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று பார்ப்பது, உதவுவது, தொடர்ந்து விசாரிப்பது என்று ஐந்து படிகளாக இதைச் சொல்வார்கள். நம் டாக்டர்கள் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறார்கள். மாரடைப்பு வந்து ஒரு வாரம் படுத்தவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில், மருந்துகளுக்கெல்லாம் கீழே, ‘ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது அந்த இரண்டாம் படிதான், அதுவும் அவரால் படிக்க முடியாத எழுத்தில். மீதி மூன்றுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. 2016இல் டெல்லியில் தொடங்கி, 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து தமிழிலும் பேச ஏற்பாடானது. விடும் நாளைக் குறிக்க உதவி, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிக்கவும் செய்வார்கள். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலும் பீடிக் கட்டிலும் இந்த எண் அச்சிடப்பட்டு வருகிறது. ஆனால் கட்டை உடைத்து ஒன்றும் இரண்டுமாக விற்கும் கடையில் வாங்குகிறவர் கண்ணில் அது படுவதில்லை. ஓபி சீட்டின் பின்பக்கம் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.